சந்தனம் பூசிய போர்டு

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆயுத பூஜையை எல்லோரும் சந்தோஷமாகக் கொண்டாடலாம், பொரிகடலை உண்டு, சுண்டல் உண்டு. ஆனால் மின்சாரத்தில் ஓடும் எந்தச் சாமான் மேலும் சந்தனம், குங்குமம், விபூதி வைக்கக் கூடாது. பூ வைக்கலாம், அதுவும் தண்ணீர் தெளிக்காத பூ. கீழே மூன்று பேர் கையெழுத்து. பக்கத்து மேசைக்காரி அதைப் படித்துவிட்டு, "யாரோ ஒரு புண்ணியவதி எதையோ கெடுத்து வெச்சிருக்கணும், இல்லாட்டி இவ்ளோ விவரமா எழுதுவாங்களா?" என்றாள். நான் என் கீபோர்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் திருப்பதியில் நான் செய்த காரியம் கையெழுத்துப் போட்ட அந்த மூவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் காது சூடாகிவிட்டது.

போதாக்குறைக்கு, உள்ளே காபி போடும் இடத்தில் யாரோ சாமி படத்துக்கென்று சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்தால் எனக்குப் பக்தி வராது, சிரிப்புதான் வரும். காரணத்தைச் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும்.

நான் முதன்முதலில் வேலைக்குப் போன இடம் திருப்பதியில் ஒரு மாடி. இரண்டு அறை, ஒரு குளியலறை, அதில் பாதி இடத்தை அட்டைப் பெட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கும். கீழே தொப்பிக் கடை. மலையில் மொட்டை அடித்துக்கொண்டு இறங்கி வருகிறவர்களுக்குத் தொப்பியும், தலையில் பூசிக்கொள்ளச் சந்தனமும் விற்பார்கள். அதனால் எங்கள் மாடிப்படியில் நாள் முழுக்கச் சந்தன வாசனை. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் சந்தனம் பூசிய மொட்டைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று கேட்காதீர்கள், என் குற்றத்தில் அந்த மொட்டைகளுக்கும் பங்கு உண்டு.

முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். போனில் கூப்பிட்டால் வயலில் போர் மோட்டார் தானாக ஓடும்படி ஒரு பெட்டி செய்து விற்க வேண்டும் என்பது அவர் கனவு. பெட்டிக்குள் இருந்து யோசிப்பது விரல் நகம் அளவு ஒரு சிப். அதற்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். அதை நேரடியாகப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன், பழகிப் பார்க்க ஒரு பச்சைப் பலகை வாங்குவார்கள். அதன்மேல் சிப், சில விளக்குகள், ஒரு பொத்தான், கேபிள் மாட்ட ஒரு வாய். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, நாம் எழுதிய புரோகிராமை உள்ளே அனுப்பி, ஒரு பச்சை விளக்கை மினுக் மினுக் என்று மின்ன வைக்க வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற முதல் காரியம் இதுதான். விளக்கு மின்னினால் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நேர்முகத்தில் சார் தெலுங்கும் தமிழும் கலந்து, "போர்டு கனெக்ட் பண்ணி புரோகிராம் சேசாவா அம்மா?" என்று கேட்டார். நான் கூசாமல், "நிறைய தடவ சார்" என்றேன்.

ஒரு தடவைகூட இல்லை. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பலகைகள் துணி போர்த்தி இருக்கும். நாங்கள் போவதற்கு முன்பே அட்டெண்டர் எல்லாக் கேபிள்களையும் மாட்டி வைத்துவிடுவார். ஒரு பலகைக்கு ஆறு பேர். அதில் முதல் மார்க் வாங்குகிறவன் மட்டும் தொடுவான், ஒருத்தன் விளக்கை வேடிக்கை பார்ப்பான், மூன்று பேர் சினிமா பேசுவார்கள். எனக்குக் கையெழுத்து அழகு என்பதால் ஆறு பேருக்கும் ரெக்கார்டு நோட்டு எழுதுவது என் வேலை. ஆறு நோட்டிலும் பலகையின் படத்தை ஸ்கேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வரைந்து, கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் சிப்பின் அத்தனை கம்பிக் காலையும் சரியாகப் போடுவேன். சார் முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் அதைத்தான் வரைந்து காட்டினேன். அவர் அசந்துபோய், "திங்கக்கிழமை வந்துடு" என்றார்.

போன பிறகுதான் தெரிந்தது, அவர் இன்னொருவரையும் அசந்துபோய் வரச் சொல்லியிருக்கிறார் என்று. பெயர் முனிரத்தினம். பாகாலாக்காரன், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. சார் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவில் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: இருப்பது ஒரு வேலை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் இந்தப் பலகையைச் சனிக்கிழமைக்குள் யார் மின்ன வைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வேலை.

எனக்கு அந்த வேலை எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். படிப்பு முடிந்ததும் நைனா, அதாவது என் அப்பா, "ஒரு வருசம் ஒனக்கு. வேல கெடச்சா போ, இல்லன்னா நாங்க சொல்றத கேளு" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷம் அந்த மாதத்தோடு முடிகிறது. வடமாலபேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் போட்டோ வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. புது டிராக்டர் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ. டிராக்டர் நன்றாகவே இருந்தது.

முதல் நாளே நல்ல நேரம் பார்த்துச் சார் எங்களை அலிபிரிக்கு அழைத்துப் போனார். திருப்பதியில் யார் புது வண்டி வாங்கினாலும் மலையடிவாரத்தில் பூஜை போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார்கள். சார் ஒரு படி மேலே. ஸ்கூட்டர், பிரிண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் அங்கேதான் பூஜை. ஸ்வீட் டப்பாவில் பஞ்சு வைத்து அதன்மேல் பலகையைப் படுக்க வைத்து, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். பூஜை போடுகிறவர் எங்களுக்குப் பின்னால் வண்டியைத் தேடிவிட்டு, "பண்டி எக்கட?" என்று கேட்டார். சார் டப்பாவைத் திறந்து காட்டினார். அவர் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ பார்த்தவர் அல்லவா, கற்பூரத்தை ஏற்றிவிட்டார். எலுமிச்சம்பழத்தை வைக்கச் சக்கரம் இல்லாததால் டப்பாவின் நான்கு மூலையிலும் வைத்தார்.

அப்போது சார் என்னைப் பார்த்து, "பொம்பளைப் பிள்ளை கையால சந்தனம் வெய்யம்மா" என்று தெலுங்கில் சொன்னார். இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். முதலாளிக்கு முன்னால் பக்தி கொஞ்சம் தூக்கலாகத் தெரியட்டும் என்று நினைத்தேன். பலகையில் எங்கே வைப்பது என்று பார்த்தால், சிப்புக்குப் பக்கத்தில் வெள்ளி நிறத்தில் வழவழவென்று ஒரு சின்ன உலோக டப்பி, இரண்டு கால் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. அசல் மொட்டைத் தலை. திருப்பதியில் மொட்டையைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? குழைத்த சந்தனத்தை உச்சியிலிருந்து கால்வரை வழித்துப் பூசி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். சாருக்குப் பரம திருப்தி. முனிரத்தினத்தின் முகத்தில் பொறாமை தெரிந்தது, எனக்கு அதில் அவரைவிடத் திருப்தி.

மத்தியானம் வேலையை ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேசையில் பலகை, பக்கத்தில் சார் எடுத்து வைத்த கருப்புக் கேபிள், எதிரில் கம்ப்யூட்டர். முனிரத்தினம் தெலுங்கில், "மீரு முந்து சேயண்டி மேடம்" என்றான். நான், "லேதண்டி, மீரே சேயண்டி" என்றேன். நீங்கள் முதலில், இல்லை நீங்கள்தான் என்று அரை மணி நேரம் போயிற்று. அவன் செய்தால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று நான் காத்திருந்தேன். எவ்வளவு பண்பான பையன், போட்டியிலும் வழி விடுகிறானே என்று நினைத்தேன். கடைசியில் நானே கேபிளை மாட்டினேன். பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. இருவரும் தலையாட்டிக்கொண்டோம். கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லை. அதற்கும் தலையாட்டிக்கொண்டோம்.

செவ்வாயும் இப்படியே. கேபிளைப் பிடுங்கி மாட்டினோம், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினோம், பொத்தானை அழுத்தினோம். அவன் ஊதுபத்தி ஏற்றினான், நான் போர்டின் படத்தை இன்னொரு முறை வரைந்தேன். சார் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு படபடவென்று டைப் அடிப்பேன். புரோகிராம் எழுதுகிறேன் என்று நினைத்து அவர் பூனை மாதிரி போய்விடுவார். நான் அடித்ததெல்லாம் ஸ்ரீராமஜெயம், இங்கிலீஷ் எழுத்தில்.

புதன்கிழமை மேசை விளக்கு நழுவி முனிரத்தினத்தின் கால் விரலில் விழுந்தது. "ஐயோ நைனா, கால் போச்சே" என்று துள்ளினான்.

நான் நிமிர்ந்தேன். "நீங்க தமிழா?"

"நீங்களுமா?" என்றான் காலைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு நாளா எனக்கு வாய் வலிக்கிது. வூட்ல யாரும் இவ்ளோ மரியாதையா தெலுங்கு பேசமாட்டாங்க."

அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையில் கொஞ்சம் பேசிக்கொண்டோம். அவன் அண்ணன் சித்தூர் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் இருந்தான். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாங்காய் சீசனுக்கு முனிரத்தினமும் அங்கே போய்விட வேண்டும். "போனா இன்னா?" என்று கேட்டேன். முழுக்கைச் சட்டையை மடித்து முழங்கையைக் காட்டினான். மாங்காய்ப் பால் பட்டாலே அவனுக்குத் தோல் வெந்து புண்ணாகிவிடுமாம். ஒரு சீசன் போய்ப் பார்த்துவிட்டு வந்த தழும்பு அது. ஆனாலும் பரவாயில்லை, நீயே வேலையை எடுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. யோசிக்கும்போது பாடப் புத்தகத்தை வாய்க்குள் ஒப்பிப்பான். எந்தப் பக்கம் கேட்டாலும் வரும். நேர்முகத்தில் சாரை அசத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை நான் வந்தபோது அவன் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் திடீரென்று பலகையைக் கண்டுகொண்டிருந்தது. திரையில் அதன் பெயரே வந்துவிட்டது. பெருமாள் கண் திறந்தார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் புத்தகத்தில் இருந்த புரோகிராமை அனுப்பினால் மட்டும், எதிர்ப்பக்கம் பதிலில்லை என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கினான். ஒரு இடத்தில், "கிரிஸ்டல் துடிச்சாத்தான் சிப் வேல செய்யும், அது நின்னா எல்லாம் நிக்கும்" என்ற வரி வந்தது.

கிரிஸ்டல். ஆறு நோட்டிலும் எத்தனை முறை வரைந்திருப்பேன். சிப்புக்குப் பக்கத்தில், இரண்டு காலோடு. படத்தில் அது ஒரு சின்னக் கட்டம்தான், நேரில் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை. மெதுவாகப் பலகையைப் பார்த்தேன். அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு என் மொட்டை உட்கார்ந்திருந்தது. மழைக்கால ஈரத்தில் சந்தனம் இன்னும் காயவே இல்லை, இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

சொன்னால் கெடுத்தது நான் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் மாலையில் இருவருக்கும் வேலை இல்லை. முனிரத்தினம் சாப்பிடக் கீழே இறங்கும்வரை பொறுத்திருந்தேன். அவன் தலை மறைந்ததும் அலமாரியிலிருந்து தின்னரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் எடுத்து, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்தேன். ஊதி ஊதி உலர்த்தினேன். கேபிளை மாட்டி, உள்ளே அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

பச்சை விளக்கு மின்னியது. மினுக், மினுக். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை உதைத்துக்கொண்டேன். வடமாலபேட்டை டிராக்டர் என்னை விட்டுத் தூரமாகப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

சாரும் முனிரத்தினமும் ஒன்றாகவே படியேறி வந்தார்கள். சார் விளக்கைப் பார்த்துவிட்டு, "எவரு சேசாரு?" என்று கேட்டார். ஆறு நாளாக நீங்கள் முதலில் நீங்கள் முதலில் என்று வழி விட்டுக்கொண்டிருந்த நாங்கள் இருவரும் ஒரே மூச்சில், "நான்" என்றோம்.

சார் தலையைச் சொறிந்தார். எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போடச் சொல்லி, பலகைக்குள் இருந்ததையும் அழித்துவிட்டு, ஒவ்வொருவராக வந்து மறுபடி மின்ன வைக்கச் சொன்னார். முதலில் முனிரத்தினம் தனியாக உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் சார், "பாகுந்தி, பாகுந்தி" என்று பாராட்டுவது கேட்டது. என் நம்பிக்கையெல்லாம் வடிந்தது. அவன் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போனான். நான் உள்ளே போய்த் தட்டில் இருந்த கேபிளை எடுத்து மாட்டினேன். டிங் என்றது கம்ப்யூட்டர். புரோகிராமை அனுப்பினேன். விளக்கு மின்னியது.

சாருக்கு முகத்துக்கு நேரே யாரையும் வேண்டாம் என்று சொல்லி வராது. அது அவர் சுபாவம். "ரெண்டு பேருக்கும் வருது. இருக்கிறது ஒரு சீட்டு. நீங்களே பேசிக்கினு திங்கக்கிழமை ஒருத்தர் வாங்க" என்று சொல்லிவிட்டு, அன்றைய பூஜைத் தேங்காயை ஆளுக்கு ஒரு மூடி கொடுத்து அனுப்பினார்.

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். டீ வாங்கிக்கொண்டு நின்றபோது முனிரத்தினம் பேன்ட் பையிலிருந்து ஒரு கருப்புக் கேபிளை இழுத்தான்.

"இது இன்னா தெரியுமா? அஞ்சு நாளா நாம சொருவிக்கினு இருந்தது. போனுக்கு சார்ஜ் மட்டுந்தான் ஏறும், வேற ஒண்ணும் போவாது. உள்ள ரெண்டு கம்பிதான் கீது. நேத்து நைட்டு வூட்ல ஒட்ச்சிப் பாத்தேன் இதேமாதிரி ஒண்ண. காலைல வேற கொண்டாந்து மாத்திட்டேன்."

"அப்ப தட்டுல..."

"ரெண்டும் இருந்திச்சு. பாக்க ஒரே மாதிரிதான். நான் வெளிய வர்றப்ப இத எடுத்துக்கினு வந்துட்டேன்."

"ஏன்?"

டீயை ஊதினான். "நீ தப்பானத எடுத்தா செவப்பு லைட்டு எரியும், நீ பாட்டுக்கு தலையாட்டிக்கினு நிப்ப. அந்த மூஞ்சிய அஞ்சு நாளா பாத்தாச்சு."

அதன்பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. சந்தனத்தைச் சொன்னேன், மொட்டையைச் சொன்னேன், கல்லூரியில் ஒரு தடவைகூட போர்டைத் தொட்டதில்லை என்பதையும் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் டீ பாதி சட்டையில். "நானுந்தான்" என்றான். "எங்க காலேஜ்ல நான் வைவாக்கு மட்டும். எல்லாருக்கும் பதில் சொல்லிக் குடுத்துக்கினு வாசல்ல நிப்பேன்." நடத்துனர்கள் ஊர் பெயரைக் கூவிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். திங்கட்கிழமை பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. பாகாலா பஸ் கிளம்பியது. ஓடிப் போய்ப் படியில் ஏறிக் கையைக் காட்டினான்.

நியாயமாகப் பார்த்தால் வேலை அவனுடையது. இரண்டு கோளாறில் ஒன்றைக் கண்டுபிடித்தவன் அவன், இன்னொன்றை உண்டாக்கியவளே நான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதை யோசித்தேன். யோசித்துவிட்டு, திங்கட்கிழமை வழக்கத்தைவிட இரண்டு பஸ் முன்னதாக ஏறி, தொப்பிக் கடை திறப்பதற்கு முன்பே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். படியில் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். அவன் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல முடியாது.

பதினோரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. சார் என்னிடம் கொடுத்தார்.

"நான் வரலன்னு சார்கிட்ட சொல்லிடு" என்றான் முனிரத்தினம். "எனக்கு பாகாலாலயே ஒரு வேல கெடச்சிது."

"நெஜமாவா?"

"ஆமா."

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாகாலாவில் என்ன வேலை கிடைக்கும் என்று அவனை இன்னொரு முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த மாடி இப்போது லாட்ஜ். தொப்பிக் கடையும் இல்லை, செல்போன் உறை விற்கிறார்கள். சார் மகனோடு பெங்களூர் போய்விட்டார். அந்த ரகப் பலகையை இப்போது யாரும் செய்வதில்லை. புதிதாக வருகிற பெண்கள் பலகையைக் கையில் எடுத்ததுமே "எனக்கு இது தெரியாது மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, போனைப் பார்த்து நான்கு நிமிஷத்தில் மின்ன வைத்துவிடுகிறார்கள். ஆறு நாள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருக்க யாருக்கும் இப்போது நேரமில்லை. முனிரத்தினத்தின் போன் நம்பருக்கு அடித்தால், அது உபயோகத்தில் இல்லை என்று தெலுங்கில் ஒரு பெண் சொல்கிறாள்.

நான்கு வருஷத்துக்கு முன் சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் மோட்டார் பெட்டி மாட்டப் போயிருந்தேன். சீசன் நேரம். முனிரத்தினம் என்று யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். அந்தப் பக்கத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமா? மூன்று பேர் வந்து நின்றார்கள். மூன்று பேரின் முழங்கையையும் பார்த்தேன். அவன் இல்லை. மூவரில் வயதானவர், "அவரு ஒங்களுக்கு இன்னா ஆவணும்?" என்று கேட்டார்.

"கூட வேல செஞ்சவரு" என்றேன். அதுவும் பொய்தான். இருந்தது ஒருத்தருக்கான வேலை, அதைச் செய்தது நான்.